ஷூவுக்குள் ஓர் அட்டை

ஒரு பெண் கட்டிலோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுகிறாள். அடிப்பாகம் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. ஓர் அட்டையை எடுக்கிறாள், பாதத்தின் அளவுக்குக் கத்தரிக்கிறாள், ஷூவுக்குள் செருகுகிறாள். முகத்தில் அழுகை எதுவும் இல்லை. தினமும் தலை பின்னுவதைப் போல, பாத்திரம் கழுவுவதைப் போல, இதுவும் அவளுக்கு ஒரு வேலை. வெளியே மழை பெய்கிறது. ஈரத்தில் நடந்தால் அட்டை ஊறிக் கூழாகும் என்பது அவளுக்கும் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும்.

1916-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஷூஸ்' என்ற மௌனப்படத்தில் வரும் காட்சி இது. அந்தப் பெண்ணின் பெயர் ஈவா. மலிவு விலைக் கடை ஒன்றில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். வாரச் சம்பளம் 5 டாலர். அதை அப்படியே அம்மாவின் கையில் கொடுத்துவிடுகிறாள். அப்பா வேலைக்குப் போவதில்லை, படுத்துக்கொண்டு கதைப் புத்தகம் படிக்கிறார். கீழே மூன்று தங்கைகள். போகிற வழியில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஜோடி புது ஷூ இருக்கிறது. விலை 3 டாலர். அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மா ஒவ்வொரு வாரமும் சொல்கிறாள். ஒவ்வொரு வாரமும் வேறு ஏதாவது ஒரு செலவு வந்து நிற்கிறது.

முதல் தடவை இதைப் பார்த்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. பின்னணி இசையை நிறுத்திவிட்டு, சத்தமே இல்லாமல் பார்த்தேன். முடிந்த பிறகு, எடுத்தவர் யார் என்று தேடிப் பார்த்தேன். லோயிஸ் வெபர். சினிமா வரலாற்றை ஓரளவு படித்தவன் என்றுதான் நினைத்திருந்தேன். கிரிஃபித், சாப்ளின், கீட்டன் எல்லாம் வாயில் வந்தது. இந்தப் பெயர் மட்டும் வந்ததே இல்லை. ஹாலிவுட் உருவான காலத்தில் அந்த ஊரின் முதல் வரிசை இயக்குநர்களில் ஒருவராக இருந்த பெண் இவர். அதன்பின் கிடைத்ததையெல்லாம் தேடித்தேடிப் பார்த்தேன், படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லோயிஸ் வெபர் 1879-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் அலெகெனியில் பிறந்தவர். அந்த ஊர் இன்று பிட்ஸ்பர்க் நகரத்தோடு சேர்ந்துவிட்டது. பக்தியான குடும்பம். சின்ன வயதிலேயே பியானோ நன்றாக வாசிப்பார், ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தார். ஒரு கச்சேரியில் வாசிக்கத் தொடங்கியதும் பியானோவின் கறுப்புக் கட்டை ஒன்று கழன்று கையோடு வந்துவிட்டது. கட்டை அங்கே இல்லை என்பது தெரிந்தும் விரல் மறுபடி மறுபடி அந்த இடத்துக்கே போனது. அன்றோடு தன் துணிச்சல் உடைந்துபோனது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கச்சேரி வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

கட்டை இல்லாத இடத்தைத் தேடிப் போகிற அந்த விரலை, அவருடைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். ஒரு பொருள் இல்லாமல் போனால் கை என்ன செய்யும் என்பது அவருக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

சினிமாவுக்கு வருவதற்கு முன் அவர் செய்த இன்னொரு வேலையும் முக்கியம். கிறிஸ்தவ ஊழியக் குழு ஒன்றோடு சேர்ந்து தெருமுனைகளில் பாட்டுப் பாடிப் பிரசங்கம் செய்தார். பிட்ஸ்பர்க்கின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் போனார். வறுமை எந்த வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கும் என்பதை நேரில் பார்த்தவர். அப்புறம் நாடகம். அங்கே பிலிப்ஸ் ஸ்மாலி என்ற நடிகரைச் சந்தித்து 1904-இல் கல்யாணம் செய்துகொண்டார். 1908 வாக்கில் பிரெஞ்சு நிறுவனமான கோமோனின் நியூயார்க் கிளையில் சேர்ந்தார். அங்கிருந்து எட்வின் போர்ட்டரின் ரெக்ஸ் நிறுவனம். 1912-இல் ரெக்ஸ், யுனிவர்சலோடு இணைந்தது. போர்ட்டர் விலகிப் போனபின் ரெக்ஸ் பிரிவு வெபர், ஸ்மாலி தம்பதியின் கைக்கு வந்தது. கதை எழுதுவது, நடிப்பது, இயக்குவது, படத்தொகுப்பு என எல்லாவற்றையும் வெபர் செய்தார். வாரம் ஒரு குறும்படம் என்ற வேகத்தில் ஓடிய காலம் அது.

அந்த வேகத்தில் 1913-இல் எடுத்த 'சஸ்பென்ஸ்' என்ற பத்து நிமிடப் படம் இன்றும் கிடைக்கிறது. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நேரம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ஒதுக்குப்புறமான வீடு. கைக்குழந்தையோடு ஓர் இளம் மனைவி. அந்த வேடத்தில் வெபரே நடித்திருக்கிறார். வேலைக்காரி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போகிறாள், சாவியை வாசல் மிதியடிக்குக் கீழே வைத்துவிட்டு. ஊர்சுற்றி ஒருவன் வருகிறான். மனைவி மாடி ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறாள். கேமரா நேர் மேலிருந்து அவனைப் பார்க்கிறது. அவன் மெதுவாகத் தலையைத் தூக்கி நேராக நம்மைப் பார்க்கிறான். 1913-இல் எடுத்த படம் என்பதை இந்த இடத்தில் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்போது பெரும்பாலான படங்களில் கேமரா நாடகம் பார்க்க வந்தவரைப் போல எதிரே அசையாமல் நிற்கும்.

அவள் கணவனுக்குப் போன் செய்கிறாள். திரை மூன்றாகப் பிரிகிறது, முக்கோணமாக. நடுவில் அலுவலகத்தில் கணவன். ஒரு மூலையில் போனைப் பிடித்துக்கொண்டு மனைவி. இன்னொரு மூலையில் உள்ளே நுழையும் அந்த ஆள். அவள் சொல்வதும், கணவன் கேட்பதும், சொல்லப்படுகிறவன் அந்த நேரத்தில் செய்துகொண்டிருப்பதும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றன. கணவன் தெருவில் நின்ற ஒரு காரை எடுத்துக்கொண்டு பறக்கிறான். காரின் சொந்தக்காரரும் போலீசும் திருடன் என்று நினைத்துத் துரத்துகிறார்கள். அவர்கள் நெருங்கி வருவதை அவன் காரின் கண்ணாடியில் பார்க்கிறோம். வீட்டுக்குள் அந்த ஆள் படியேறி வருகிறான், முகம் திரையை அடைக்கும் வரை. பத்தே நிமிடம்தான், ஒரு நொடி வீணில்லை.

அடுத்த ஆண்டு, 1914-இல், ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை முழுநீளப் படமாக எடுத்தார். முழுநீளக் கதைப்படம் இயக்கிய முதல் அமெரிக்கப் பெண் என்ற பெயர் அதனால் வந்தது. படம் இன்று இல்லை, அழிந்துவிட்டது.

பிறகு கொஞ்ச காலம் பாஸ்வொர்த் நிறுவனம். அங்கே 1915-இல் வந்த 'ஹிப்போக்ரைட்ஸ்', அதாவது வேடதாரிகள், அவரை நாடறியச் செய்தது. 'நிர்வாண உண்மை' என்பதையே ஒரு பாத்திரமாக்கி, ஆடையில்லாத பெண்ணுருவாகத் திரையில் நடக்கவிட்டார். இரட்டைப் பதிவு என்கிற உத்தியால் அந்த உருவம் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். கையில் ஒரு கண்ணாடியோடு அவள் அரசியல்வாதி வீட்டுக்கும், பக்தி வேஷம் போடுகிறவர் வீட்டுக்கும் போகிறாள். ஒஹையோ மாநிலத்தில் படத்துக்குத் தடை. பாஸ்டன் மேயர், பிலிம் சட்டகம் ஒவ்வொன்றிலும் அந்தப் பெண்ணுக்குக் கையால் ஆடை வரைந்தால்தான் திரையிட விடுவேன் என்று நின்றதாகச் சொல்வார்கள். அதே 1915 பிப்ரவரியில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. சினிமா என்பது ஒரு வியாபாரம், அதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு பொருந்தாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதன்பிறகு வந்த தன் முக்கியமான படங்கள் அத்தனையையும் வெபர் அந்தத் தீர்ப்புக்குக் கீழே நின்றுதான் எடுத்தார். எந்த மாநிலத் தணிக்கைக் குழுவும் எப்போது வேண்டுமானாலும் அவர் படத்தை நிறுத்தலாம்.

அவர் நிறுத்தவில்லை. யுனிவர்சலுக்குத் திரும்பி வந்து, 1916 என்ற ஒரே ஆண்டில் அவர் வெளியிட்ட படங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அபின் பழக்கத்தைப் பற்றி ஒன்று, மரண தண்டனைக்கு எதிராக ஒன்று, கருத்தடை, கருக்கலைப்பு பற்றி ஒன்று, 'ஷூஸ்' ஒன்று. இவற்றுக்கு நடுவில் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவை வைத்து 'தி டம்ப் கேர்ல் ஆஃப் போர்ட்டிச்சி' என்ற பிரம்மாண்டமான சரித்திரப் படம். பாவ்லோவா நடித்த முழுநீளப் படம் அது ஒன்றுதான். பாவ்லோவாவை நமக்கு ருக்மிணி தேவி வழியாகத்தான் தெரியும். 1928-இல் பம்பாயில் பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்து, பின்பு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் அவரோடு பழகியதுதான் ருக்மிணி தேவியை நடனத்தின் பக்கம் இழுத்தது. அந்தப் பாவ்லோவா இளமையோடு, வாய் பேச முடியாத மீனவப் பெண்ணாக ஓடியாடுவதை இன்று நம்மால் பார்க்க முடிகிறது என்றால் அது வெபர் எடுத்து வைத்ததால்தான்.

கருத்தடைப் படத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெயர் 'வேர் ஆர் மை சில்ட்ரன்?', 'என் பிள்ளைகள் எங்கே?'. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி கருத்தடை பற்றிய துண்டுப் பிரசுரத்தைத் தபாலில் அனுப்புவதே குற்றம். அந்தக் காலத்தில், கருத்தடை பற்றிப் புத்தகம் எழுதிய ஒரு டாக்டரைக் கூண்டில் ஏற்றி, அவர் வாயால் சேரிப் பெண்களின் நிலைமையைச் சொல்ல வைத்து, தீர்ப்பு சொல்லும் ஜூரிகள் அத்தனை பேரும் ஆண்கள் என்று காட்டினார் வெபர். பெரிய துணிச்சல். யுனிவர்சலுக்கு அந்த ஆண்டின் பெரிய வசூலும் அதுதான். பென்சில்வேனியா தடை செய்தது.

ஆனால் படத்தின் மறுபாதி எனக்கு ஒட்டவில்லை. வசதியான பெண்கள் கருக்கலைப்பு செய்துகொள்வதைச் சுயநலம் என்று அது தீர்ப்பெழுதுகிறது. 'நல்ல' வம்சம் பெருக வேண்டும், ஏழைகளின் வம்சம் குறைய வேண்டும் என்ற அந்தக் காலத்து இனமேம்பாட்டு வாதம் படம் முழுக்க ஓடுகிறது. தெருமுனைப் பிரசங்கியின் குரல் இங்கே கலைஞரின் கண்ணை மறைத்துவிட்டது என்பது என் எண்ணம். இருந்தும் அதன் கடைசிக் காட்சியை மறக்க முடியவில்லை. பிள்ளையில்லாத அந்தத் தம்பதி கணப்படுப்பின் முன் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிறக்காத பிள்ளைகள் நிழலுருவாக வந்து அவர்கள்மேல் ஏறி விளையாடுகிறார்கள். காலம் ஓடுகிறது, இருவருக்கும் தலை நரைக்கிறது, அந்தப் பிள்ளைகளும் வளர்ந்து பெரியவர்களாகி அருகில் நிற்கிறார்கள். கருத்தை ஏற்காமலே அந்தக் காட்சியில் கண் கலங்கினேன்.

'ஷூஸ்' அப்படி இல்லை. அதிலும் பிரசங்கம் உண்டு. 'வறுமை' என்று எழுதிய ஒரு பெரிய கை, தூங்கும் ஈவாவை நோக்கி நீளும். அந்த ஓர் இடத்தை விட்டுவிட்டால், மற்றபடி படம் முழுக்கப் பொருள்களும் உடம்பும்தான். சமூக சேவகர் ஜேன் ஆடம்ஸ் பதிவு செய்த ஒரு பெண்ணின் கதையிலிருந்து அது பிறந்தது. ஷூவுக்கு இனித் தைக்க இடமில்லை, புது ஜோடிக்குப் பணமும் இல்லை என்ற நிலையில் தன்னை விற்றுக்கொண்ட பெண். ஈவாவாக நடித்த மேரி மக்லாரன், அதற்கு முன் கூட்டத்தில் நிற்கும் துணை நடிகை. வெபர் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். பெரிய நடிகைகளின் பாவனை எதுவும் அந்தப் பெண்ணிடம் இல்லை. வேலை முடிந்து வந்து கால்களை வெந்நீரில் வைக்கிறாள். கடையில் நிற்கும்போது வலியில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்கிறாள். கடைசியில், அவளையே சுற்றிவரும் அந்தக் காபரே பாடகனைச் சந்திக்கப் போவதற்குமுன் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாள். கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. முகம் இரண்டாகத் தெரிகிறது. அந்த இரவில் என்ன நடந்தது என்பதை வெபர் காட்டவே இல்லை. மறுநாள் புது ஷூவோடு வருகிறாள், அவ்வளவுதான். அம்மாவின் மடியில் விழுந்து அழுகிறாள். அந்த நேரம் பார்த்து அப்பா சந்தோஷமாக உள்ளே வருகிறார். வேலை கிடைத்துவிட்டதாம்.

1916 வாக்கில் வெபருடைய செல்வாக்கு எந்த அளவு என்றால், அமெரிக்க இயக்குநர்களின் சங்கத்தில் அன்று உறுப்பினராகச் சேர்க்கப்பட்ட ஒரே பெண் அவர்தான். அதற்கு முன்பே, 1913-இல், யுனிவர்சல் நிறுவனத்தின் ஸ்டூடியோ ஊருக்கு மேயராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஐடா மே பார்க், கிளியோ மேடிசன், ரூத் ஆன் பால்ட்வின் என்று பெண் இயக்குநர்கள் பலர் அப்போது யுனிவர்சலில் வேலை செய்தார்கள். 1917-இல் வெபர் ஹாலிவுட்டில் சொந்த ஸ்டூடியோ தொடங்கினார். ஓர் எஸ்டேட்டைக் குத்தகைக்கு எடுத்து, மரங்களும் தோட்டமும் அப்படியே இருக்க, அதற்குள்ளேயே படம் எடுத்தார். செட் போடுவதைவிட நிஜ வீடுகளுக்குள் விளக்குகளைக் கொண்டுபோய் எடுப்பது அவருக்குப் பிடித்தது. முடிந்தவரை கதை வரிசைப்படியே காட்சிகளை எடுப்பார், நடிகர்களுக்குள் உணர்ச்சி படிப்படியாக ஏற வேண்டும் என்பதற்காக. பாரமவுன்ட்டோடு ஒப்பந்தம் போட்டபோது ஒரு படத்துக்கு 50,000 டாலர், லாபத்தில் பாதி. வாரம் 5 டாலர் வாங்கிய ஈவா அந்தப் பணத்துக்கு 10,000 வாரம் நிற்க வேண்டும். அந்த உயரத்துக்குப் போனபிறகும் வெபரின் கேமரா தேய்ந்த ஷூவையும் கிழிந்த கம்பளத்தையும் விட்டு விலகவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

அப்படி எடுத்ததில் உச்சம் 1921-இல் வந்த 'தி பிளாட்'. கறை என்று பொருள்.

ஒரு கல்லூரிப் பேராசிரியர். படித்த, மரியாதையான குடும்பம், சம்பளம் மட்டும் போதவில்லை. பக்கத்து வீட்டில் ஷூ வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதிக்கும் குடும்பம். அங்கே சாப்பாடு மிஞ்சுகிறது, இங்கே பூனைக்குக்கூட வழியில்லை. அது போய்ப் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியை மோப்பம் பிடிக்கிறது. பேராசிரியரின் மகள் அமீலியா நூலகத்தில் வேலை பார்க்கிறாள். வகுப்பில் பாடத்தைக் கவனிக்காமல் விளையாடும் பணக்கார மாணவன் ஒருவனுக்கு அவள்மேல் விருப்பம். ஒருநாள் வீட்டுக்குள் வருகிறான். கேமரா அவன் கண்ணாகிறது. நைந்த கம்பளம். பஞ்சு தெரியும் நாற்காலி. அவன் பார்ப்பதை அமீலியாவின் அம்மா பார்க்கிறாள்.

இந்தப் படத்தை என் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். வசனத்துக்குப் பதிலாகத் திரையில் வரும் எழுத்து அட்டைகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்குமேல் நான் சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது. என் தாத்தா தொடக்கப்பள்ளி ஆசிரியர். அந்த நாற்காலிக் காட்சி வந்ததும் அம்மா தானாகவே பேச ஆரம்பித்தார். "எங்க வீட்டுக்கு யாராவது வந்தா தாத்தா அவங்கள திண்ணையிலயே உக்கார வெச்சு பேசிக்கிட்டே இருப்பாரு. பாட்டி பின்வாசல் வழியா போவாங்க. முந்தானைக்குள்ள டம்ளர். அடுத்த வீட்ல காபிப்பொடி வாங்கி, அதே பின்வாசல் வழியா வந்து காபி போட்டுக் குடுப்பாங்க. வந்தவங்களுக்குத் தெரியவே தெரியாது."

அமீலியாவுக்கு உடம்பு சரியில்லை. நல்ல சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுச் சமையலறையில் கோழி இருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கிறது. அமீலியாவின் அம்மா இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலைப் பார்க்கிறாள். நெடுநேரம் பார்க்கிறாள். மார்கரெட் மக்வேட் என்ற நடிகை அந்த முகத்தில் கொண்டுவருவதை எழுத்தில் சொல்ல முடியவில்லை. பசி, கூச்சம், கணக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகின்றன. அப்புறம் போய் அந்தக் கோழியை எடுத்துவிடுகிறாள். இரண்டடி வைப்பதற்குள் மனசு கேட்கவில்லை. திருப்பி வைத்துவிடுகிறாள். அம்மா எடுப்பதை அமீலியா பார்த்துவிட்டாள். திருப்பி வைத்ததைப் பார்க்கவில்லை.

"வெச்சிட்டாளே, அதைப் பாக்காம போயிடுச்சே இந்தப் பொண்ணு" என்று என் அம்மா சத்தமாகவே சொன்னார்.

அப்புறம் அந்தப் பணக்கார மாணவன் அனுப்பிய கூடையில் ஒரு கோழி வருகிறது. அம்மா ஆசையாகச் சமைத்துக் கொண்டுவருகிறாள். மகள் தொட மறுக்கிறாள். திருடிய கோழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்குக் காரணம் புரியவில்லை. ஒரு தட்டு, இரண்டு பேர், நடுவில் பேசப்படாத ஒன்று. பேச்சே இல்லாத சினிமாவில் இதைவிடச் சரியான காட்சி எனக்குத் தெரியவில்லை. பேசினால் ஒரு வரியில் தீர்ந்துபோகும். அவர்கள் பேசமாட்டார்கள், மரியாதை விடாது.

'தி பிளாட்' ஓடவில்லை. அதற்கு முன்பே பாரமவுன்ட் கையை விரித்துவிட்டது, படத்தைச் சிறிய விநியோகஸ்தர் ஒருவர்தான் வெளியிட்டார். ஊர் மாறிக்கொண்டிருந்தது. நியூயார்க் வங்கிப் பணம் ஹாலிவுட்டுக்குள் வந்தது. படம் எடுப்பவரும் விநியோகிப்பவரும் தியேட்டர் வைத்திருப்பவரும் ஒரே நிறுவனமாக ஆனார்கள். சொந்த ஸ்டூடியோ வைத்திருந்தவர்களுக்குத் தியேட்டர் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. சினிமாவில் பெரிய பணம் புரளத் தொடங்கியதும் இயக்குநர் நாற்காலி ஆண்களுக்கு உரியது என்று பேச்சு வந்தது. பார்வையாளர்களுக்கும் போருக்குப் பிந்தைய காலத்தில் ஜாஸ், பார்ட்டி, பளபளப்பு வேண்டியிருந்தது, நைந்த கம்பளம் வேண்டியிருக்கவில்லை. வெபர் பழைய பஞ்சாங்கம் பேசுகிறார், பாடம் நடத்துகிறார் என்று விமரிசகர்கள் எழுதினார்கள். 1922-இல் ஸ்மாலியோடு விவாகரத்து. மனம் நொறுங்கிச் சில காலம் ஒதுங்கியே இருந்தார்.

1926-இல் ஹாரி கான்ட்ஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் யுனிவர்சலுக்காக பில்லி டவ் என்ற நடிகையை வைத்து இரண்டு படங்கள் எடுத்தார். வேலை தெரிந்த கை, நன்றாகவே எடுத்தார். பிறகு பேசும் படம் வந்தது. வெபர் எடுத்த ஒரே பேசும் படம் 'ஒயிட் ஹீட்', 1934-இல். ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டத்தில் நடக்கும் கதை. அதுவும் தொலைந்துவிட்டது.

இந்த இடைக்காலத்தில் நடந்த ஒரு விஷயம்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 1932-இல் யுனிவர்சல் தன் கிடங்கிலிருந்து 'ஷூஸ்' படத்தை எடுத்து, பத்து நிமிடத்துக்கு வெட்டிச் சுருக்கி, மேலே கிண்டலாக ஒரு வர்ணனைக் குரலைப் போட்டு, நகைச்சுவைத் துணுக்காக வெளியிட்டது. 'தி அன்ஷாட் மெய்டன்' என்று பெயர். ஈவா அட்டை வெட்டுவதும் கால் வலியில் நிற்பதும் மழையில் நடப்பதும் ஜனங்கள் சிரிப்பதற்கான காட்சிகள் ஆகிவிட்டன. வெபர் அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த ஆண்டே அதே யுனிவர்சலில் புதுமுகங்களைச் சோதித்துத் தேர்வு செய்யும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

1939 நவம்பர் 13-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் குடற்புண் ரத்தக்கசிவால் இறந்தார். வயது 60. கையில் காசில்லை. அடக்கச் செலவை ஏற்றுக்கொண்டவர் பிரான்சிஸ் மேரியன். ஹாலிவுட்டின் மிகப் பெரிய திரைக்கதை ஆசிரியர்களில் ஒருவர், இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். பாஸ்வொர்த் காலத்தில் வெபரிடம் உதவியாளராகச் சேர்ந்துதான் அவர் தொழில் கற்றார்.

வெபர் எடுத்தது நூற்றுக்கணக்கான படங்கள், குறும்படங்களையும் சேர்த்து. இன்று கையில் இருப்பவை மிகக் கொஞ்சம். அந்தக் காலத்துப் படங்கள் பதிவான நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டால் தானாகவே பிசினாகிப் பொடியாகும். ஸ்டூடியோக்களும் பழைய மௌனப்படங்களை இடத்தை அடைக்கிற சாமான் என்றுதான் பார்த்தன. மிஞ்சியவை பெரும்பாலும் தூர தேசங்களில் கிடைத்தவை. ஊர் ஊராகச் சுற்றிக் கடைசித் தியேட்டரில் ஓடி முடித்த பிரதியைக் கப்பல் செலவு போட்டு யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள், அங்கேயே கிடக்கும். 'ஷூஸ்' அப்படி நெதர்லாந்தில் கிடைத்தது. அங்குள்ள ஐ திரைப்பட அருங்காட்சியகம், நுண்ணுயிர் அரித்த தடங்களைச் சட்டகம் சட்டகமாகச் சுத்தம் செய்து அதை மீட்டது. அந்த மீட்புக்கு உதவிய பிரதிகளில் 1932-இன் அந்தக் கிண்டல் துணுக்கும் ஒன்று. சிரிக்க வெட்டிய துண்டுகளிலிருந்து சில காட்சிகள் திரும்பவும் தங்கள் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இன்னொரு படம், 1916-இல் எடுத்த 'ஐடில் ஒய்வ்ஸ்', நியூசிலாந்தில் கிடைத்தது. முழுப் படமும் இல்லை, தொடக்கப் பகுதி மட்டும். வெவ்வேறு கஷ்டங்களில் இருக்கும் சில பேர் ஒரு மாலை தனித்தனியாக ஒரு தியேட்டருக்குப் போகிறார்கள். டிக்கெட் எடுக்கிறார்கள், இருட்டில் இடம் தேடி உட்கார்கிறார்கள். திரையில் ஓடும் படத்தின் பெயர் 'வாழ்க்கையின் கண்ணாடி'. அதில் நடமாடுகிறவர்கள் தங்களைப் போலவே இருப்பதைக் கண்டு, ஒவ்வொருவரும் நாற்காலியில் மெல்ல முன்னால் சாய்கிறார்கள். அப்புறம் என்ன ஆகிறது என்பதைச் சொல்லும் ரீல்கள் இன்னும் கிடைக்கவில்லை.